உடம்புக்குள்ளே ஒரு விளக்கு... அது எங்கே போய் அணைகிறது?

"மாப்பிள்ளே... ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சு ஜூஸ் மாதிரி போகுது. மூஞ்சி, கையெல்லாம் மஞ்சளா இருக்கு. காமாலையேதான்! உங்க அத்தை கீழாநெல்லி பறிக்கக் கொல்லைக்குப் போயிட்டா..."

குரும்பகரத்திலிருந்து என் மாமா போனில் அலறினார். காரைக்கால் பகுதியில், நெடுங்காடு கொம்யூனில், வயலும் வாய்க்காலுமாக இருக்கிற ஊர் அது. மாமாவுக்கு இருபது வருஷத்துச் சர்க்கரை. பேப்பரில் எழுத்து கலைகிறது என்று அன்று காலைதான் புதுச்சேரிக்குப் போய் ஒரு கண் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்திருந்தார்.

"அங்கே கையிலே ஊசி ஏதாவது போட்டாங்களா மாமா?"

"போட்டாங்க. போட்டுட்டு கண்ணை வரிசையா போட்டோ புடிச்சாங்க. என்னமோ விவரம் சொன்னாங்க, கூட்டத்திலே எனக்குக் காதிலே விழலே. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்."

விஷயம் புரிந்துவிட்டது. "அத்தையைத் திரும்பி வரச் சொல்லுங்க. அது காமாலை இல்லே, சாயம். நாளைக்கு ராத்திரிக்குள்ளே போயிடும்" என்றேன். போய்விட்டது. ஆனால் மாமா விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனபோது திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டார்.

"எல்லாமே வெளியே வந்துடுச்சுன்னு எப்படிச் சொல்றே? கொஞ்சம் உள்ளேயே தங்கிட்டா? அதுவும் போக, நானோ துகள்னு ஒண்ணு வந்திருக்காம், கேன்சரை லைட் போட்டுக் காட்டுமாம், பேப்பர்லே படிச்சேன். எனக்குப் போட்டதும் அதானா?"

கல்லூரியில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தியிருக்கிறேன். இத்தனை நல்ல கேள்வியை எந்த மாணவனும் கேட்டதில்லை. மாமாவுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

ரூபாய் நோட்டும் மஞ்சள் தூளும்

பேங்கில் காசாளர் ஊதா விளக்கின் கீழே நோட்டைக் காட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத நூலிழைகள் அங்கே பளிச்சென்று மின்னும். புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு, அதில் கொஞ்சத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு, மீதியை வேறு நிறத்தில் திருப்பித் தருகிற பொருள் அது. இதற்கு 'ஒளிர்தல்' என்று பெயர். விளக்கை அணைத்தால் மினுமினுப்பும் நின்றுவிடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சிட்டிகை மஞ்சள் தூளை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் கலக்கித் தெளிய விடுங்கள். இருட்டில் நோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை அடித்தால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். மாமாவின் பேத்திக்குக் கை தட்டல் தாங்கவில்லை. (டார்ச்சை யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது. ஸ்பிரிட் பக்கத்தில் நெருப்பு வரக் கூடாது. செய்கிறவர் பெரியவராக இருக்கட்டும்.)

மாமாவுக்குப் போட்ட மருந்தின் பெயர் ஃப்ளூரெசின். 1871-ல் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர் தயாரித்த சாயம். நீல ஒளியை அடித்தால் பச்சையாக ஒளிரும். அமெரிக்காவில் இண்டியானாவில் நவோட்னி, ஆல்விஸ் என்று இரண்டு மருத்துவ மாணவர்கள். இந்தச் சாயத்தைக் கை நரம்பில் ஏற்றினால் கண்ணின் ரத்தக் குழாய்களைப் படம் எடுக்க முடியுமா என்று யோசித்தார்கள். பரிசோதனைக்கு வேறு ஆள் தேடவில்லை, தங்களில் ஒருவர் கண்ணிலேயே முயன்றார்கள். கண் மருத்துவப் பத்திரிகைகள் அந்தக் கட்டுரையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. கடைசியில் இதய நோய் பற்றிய 'சர்குலேஷன்' என்ற பத்திரிகையில் 1961-ல் வெளியானது. இன்றைக்கு சர்க்கரை நோயாளிகளின் கண் சிகிச்சையில் அது அன்றாட சமாச்சாரம்.

கையில் ஏற்றிய சாயம் பத்துப் பதினைந்து விநாடியில் கண்ணுக்குள் வந்துவிடும். நல்ல குழாய் என்றால் சாயம் கோடு கோடாக ஓடும். சர்க்கரை அரித்த குழாய் என்றால் கசிந்து பூப்போல் விரியும். வாய்க்கால் கரையில் நண்டு வளை போட்ட இடத்தில் தண்ணீர் ஊறுமே, அது மாதிரி. எங்கே லேசர் வைப்பது, ஊசி தேவையா என்பதையெல்லாம் டாக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

வேலை முடிந்ததும் சாயத்தைப் பெரும்பாலும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். தோலின் மஞ்சள் சில மணி நேரத்தில் மறையும். சிறுநீரின் நிறம் ஒன்றரை நாள் வரை இருக்கலாம். சிலருக்கு ஊசி போட்ட உடனே குமட்டும், சிலருக்கு அரிப்பு, தடிப்பு வரும். மூச்சுத் திணறுகிற அளவுக்கு ஒவ்வாமை வருவது மிக அபூர்வம். ஆனால் வரலாம். அமெரிக்காவில் சுமார் 2 லட்சத்து 22 ஆயிரம் பரிசோதனைகளைக் கணக்கெடுத்து 1986-ல் ஓர் ஆய்வு வந்தது. அதில் ஒரே ஒரு மரணம். அந்த ஒன்றுக்காகத்தான் பக்கத்தில் அவசர மருந்துகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, சிறுநீரகக் கோளாறு... இதில் எது இருந்தாலும் ஊசிக்கு முன்பே வாய் விட்டுச் சொல்லுங்கள். ஊசி போட்ட ஓரிரு நாளில் வேறு ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போனால் லேபில் 'சாயம் ஏற்றினார்கள்' என்று சொல்ல வேண்டும். சில பரிசோதனைகளில் இது கணக்கைக் குழப்பிவிடும். இரண்டு நாள் கழித்தும் மஞ்சள் போகவில்லை என்றால் கீழாநெல்லி வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

விரலுக்குள் போகும் சிவப்பு

ஃப்ளூரெசினில் ஒரு குறை. கண் கண்ணாடி மாதிரி என்பதால் அங்கே அது சரி. வயிற்றுக்குள், மார்புக்குள் இருக்கிற கட்டியில் பச்சை ஒளி வெளியே வராது. டார்ச் லைட்டை உள்ளங்கையில் அழுத்தி இருட்டில் பாருங்கள். விரல்கள் சிவப்பாகத் தெரியும். மற்ற நிறங்களை ரத்தமும் சதையும் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தப்பி வருகிறது. சிவப்பையும் தாண்டிய, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு இன்னும் சுலபமாக வரும்.

அந்த ஒளியில் வேலை செய்கிற சாயம்தான் இண்டோசயனைன் கிரீன். அமெரிக்காவில் 1959-லேயே அனுமதி பெற்றது. இன்று லேப்ராஸ்கோப் ஆபரேஷனில் பித்தப் பையை எடுக்கும்போது, தப்பித் தவறிப் பித்தக் குழாயை வெட்டிவிடாமல் இருக்க இதை ஏற்றுகிறார்கள். கேமராவில் குழாய் ஒளிர்ந்து காட்டும். இது சிறுநீரில் போகாது, கல்லீரல் வழியாகப் பித்தத்தில் போகும். இதில் அயோடின் உண்டு. அயோடின் ஒவ்வாமை உள்ளவர்கள் சொல்லியே ஆக வேண்டும்.

இதுவரை சொன்ன இரண்டும் நானோ துகள் அல்ல. தனித்தனி மூலக்கூறுகள். மாமாவின் மூன்றாவது கேள்விக்குப் பதில் 'இல்லை'. ஆனால் அவர் பேப்பரில் படித்தது பொய்யும் இல்லை.

திமிரியும் பாரியும்

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோ மீட்டர். நம் சிவப்பு அணுவின் அகலம் சுமார் ஏழாயிரம் நானோ மீட்டர். குவாண்டம் டாட் என்கிற ஒளிரும் துகளோ இரண்டிலிருந்து பத்து நானோ மீட்டர்தான்.

இந்தத் துகளில் ஒரு விசேஷம். ஒரே பொருள்தான், ஆனால் துகள் சிறிதானால் நீலமாக ஒளிரும், பெரிதானால் சிவப்பாக ஒளிரும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. திமிரி நாயனம் குட்டை, சுருதி உச்சம். பாரி நாயனம் நீளம், சுருதி மந்தம். இரண்டும் ஆச்சா மரம்தானே! மாமா இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். திருநள்ளாறு கோயிலில் இரவெல்லாம் நாயனம் கேட்டு வளர்ந்தவர்.

இந்தத் துகள்களைக் கண்டறிந்து, ஒழுங்காகத் தயாரிக்கும் வழியையும் காட்டியதற்காக எகிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1998-லேயே அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இவற்றை உயிரணுக்களில் ஒட்டி ஒளிர வைத்துக் காட்டின. சாதாரணச் சாயம் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வெளுத்துப் போகும், இவை நெடுநேரம் தாங்கும். மேலே ஒரு புரதத்தை ஒட்டி அனுப்பினால், கட்டியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளச் செய்யலாம். ஆபரேஷன் செய்கிற டாக்டருக்கு 'இதோ, இன்னும் ஒரு துணுக்கு இங்கே இருக்கு' என்று காட்டும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

அப்புறம் ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை?

துகளின் வயிற்றில் காட்மியம்

நன்றாக ஒளிர்கிற குவாண்டம் டாட்களில் பல, காட்மியம் என்ற உலோகத்தால் ஆனவை. பழைய ரீசார்ஜ் பேட்டரிகளில் நிக்கல்-காட்மியம் என்று போட்டிருக்குமே, அதே காட்மியம். உடம்பில் நுழைந்தால் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வருஷக் கணக்கில் நகராது. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில், மேலே இருந்த சுரங்கத்தின் கழிவு கலந்த தண்ணீர் நெல் வயலுக்குப் பாய்ந்தது. அந்த அரிசியைத் தின்ற கிராமத்துப் பெண்களின் எலும்பு மெலிந்து, இருமினாலே முறிந்தது. வலியில் அவர்கள் கத்தின 'இத்தாய் இத்தாய்' என்பதே அந்த நோயின் பெயராயிற்று. காரணம் காட்மியம்தான் என்று ஜப்பான் அரசு 1968-ல் ஒப்புக்கொண்டது.

"காட்மியத்தின் மேலே ஒரு உறை போட்டுட்டா?" என்றார் மாமா. விஞ்ஞானிகளும் அதைத்தான் செய்தார்கள். துத்தநாக சல்ஃபைடில் ஓர் ஓடு, அதன் மேல் இன்னொரு பூச்சு. 2004-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லீரல் உயிரணுக்களில் இதைச் சோதித்தபோது, உறையில்லாத துகள் காற்றும் புற ஊதாவும் பட்டதும் காட்மியத்தைக் கக்கி உயிரணுக்களைக் கொன்றது. உறை போட்டதும் நச்சு வெகுவாகக் குறைந்தது. ஆனால் உறை எத்தனை காலம் தாங்கும்? 2012-ல் ரீசஸ் குரங்குகளுக்கு இந்தத் துகளை ஏற்றி 90 நாள் கவனித்த ஆய்வு வெளிவந்தது. குரங்குகள் நன்றாகத்தான் இருந்தன. சாப்பிட்டன, குதித்தன, ரத்தப் பரிசோதனையும் சரி. ஆனால் 90 நாள் கழித்தும் பெரும்பகுதி காட்மியம் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகத்தில்தான் இருந்தது.

'குரங்குக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பது ஒரு செய்தி. 'ஏற்றியது வெளியே போகவில்லை' என்பது இன்னொரு செய்தி. பேப்பர்காரர்கள் முதல் செய்தியைத்தான் தலைப்பாகப் போடுவார்கள். நான் இரண்டாவதைத்தான் பார்ப்பேன். அதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது.

தோரோட்ராஸ்ட் கதை

1930-களில் தோரோட்ராஸ்ட் என்று ஒரு மருந்து வந்தது. தோரியம் ஆக்ஸைடு என்ற பொருளின் நுண்ணிய துகள்கள் கலந்த திரவம். நானோ என்ற பேச்சே இல்லாத நாளில் வந்த நானோ துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நரம்பில் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தால் ரத்தக் குழாய்கள் அவ்வளவு தெளிவாகத் தெரியும். நோயாளிக்குக் குமட்டல் இல்லை, அரிப்பு இல்லை. டாக்டர்களுக்கு ஒரே சந்தோஷம். 1950-கள் வரை ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தாராளமாகப் போட்டார்கள்.

அது வெளியே வரவே இல்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் ஆயுசு முழுக்கத் தங்கிவிட்டது. தோரியம் கதிர்வீச்சு உள்ள பொருள். இருபது, முப்பது வருஷம் கழித்து, ஊசி போட்டதையே மறந்துபோன மனிதர்களுக்குக் கல்லீரல் புற்று வந்தது. டென்மார்க், ஜெர்மனி, போர்ச்சுக்கல், ஜப்பான் நாடுகளில் பழைய ஆஸ்பத்திரிக் குறிப்புகளைத் தேடி எடுத்து, யார் யாருக்குப் போட்டோம் என்று வருஷக் கணக்கில் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார்கள்.

ஊசி போட்ட அன்றைக்கு யாருக்கும் ஒன்றுமே ஆகவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மாமாவின் ஃப்ளூரெசின் குமட்ட வைக்கலாம், ஆனால் போய்விடும். தோரோட்ராஸ்ட் சாதுவாக இருந்தது, போகவே இல்லை.

ரவா சல்லடை

சரி, எது போகும், எது தங்கும்? 2007-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெவ்வேறு அளவில் குவாண்டம் டாட் செய்து எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். சுமார் ஐந்தரை நானோ மீட்டருக்குக் கீழே இருந்தவை சிறுநீரில் மளமளவென்று வெளியேறின. பெரியவை கல்லீரலில் மாட்டிக்கொண்டன. சிறுநீரகம் ஒரு ரவா சல்லடை. அதன் கண் அவ்வளவுதான்.

இதிலும் ஒரு சிக்கல். துகள் ரத்தத்தில் விழுந்ததும் அங்கே இருக்கிற புரதங்கள் அதன் மேல் அப்பிக்கொள்ளும். வாழைக்காய்ச் சீவல் மெல்லிசுதான். கடலை மாவில் தோய்த்து எடுத்த பிறகு? லேபில் அளந்த அளவும் ரத்தத்தில் ஓடும்போது உள்ள அளவும் வேறு வேறு. அதனால் புரதம் ஒட்டாத மேல்பூச்சு கொடுக்க வேண்டும்.

இந்தப் பாடங்களையெல்லாம் படித்துச் செய்ததுதான் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிச் வீஸ்னர் குழு உருவாக்கிய 'கார்னெல் டாட்'. காட்மியம் கிடையாது. மணலில் இருக்கிற சிலிக்காவால் ஆன குட்டி உருண்டை, ஏழு நானோ மீட்டருக்குள். உள்ளே ஒளிரும் சாயம், வெளியே புரதம் ஒட்டாத பூச்சு. 2011-ல் மனிதர்களிடம் சோதிக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அனுமதி கொடுத்தது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் மிஷெல் பிராட்பரி குழு, மெலனோமா என்ற தோல் புற்று பரவிய ஐந்து பேருக்கு ஏற்றியது. 2014-ல் முடிவு வந்தது. பாதகம் எதுவும் தெரியவில்லை, துகள் சிறுநீரகம் வழியாக வெளியேறியது. ஐந்தே ஐந்து பேர்தான். ஆனால் 'வெளியே வந்தது' என்று மனித உடம்பில் அளந்து காட்டினார்களே, அது பெரிய விஷயம்.

கொத்தமல்லி டாட்

நம் நாட்டிலும் சும்மா இல்லை. சர்க்கரை, பழச்சாறு, இலை தழை என்று எதை மூடிய பாத்திரத்தில் அதிக சூட்டில் வேக வைத்தாலும் ஒளிரும் கரித் துகள்கள் கிடைக்கின்றன. கார்பன் டாட் என்று பெயர். 2015-ல் ரூர்க்கி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கொத்தமல்லித் தழையிலிருந்தே செய்து, உயிரணுக்களை ஒளிர வைத்துக் காட்டினார்கள். விலை மலிவு, காட்மியம் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இது.

ஆனால் "கொத்தமல்லிதானே, என்ன கெடுதி?" என்று அத்தை மாதிரி முடிவு கட்டிவிடக் கூடாது. வெந்து துகளான பிறகு அது கொத்தமல்லி இல்லை, புதுப் பொருள். சட்டினிக்குக் கிடைத்த நற்சான்று இதற்குச் செல்லாது. அதோடு, இந்தச் சோதனைகள் பெரும்பாலும் கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் நடப்பவை. வழக்கமான ஒரு முறை இது: மஞ்சள் நிற ரசாயனம் ஒன்றை ஊற்றுவார்கள். உயிரோடு இருக்கிற அணுக்கள் அதை ஊதாவாக்கும். ஊதா அடர்த்தியாக இருந்தால் 'பாதுகாப்பானது' என்று எழுதுவார்கள். துகளே நிறம் உள்ளது, ஒளியை உறிஞ்சுவது என்றால் அளக்கிற கருவி ஏமாந்து போகும்! இதற்குத் தனியாகத் திருத்தக் கணக்கு போட்டார்களா, வேறு முறையிலும் சரி பார்த்தார்களா என்று மாணவர்களிடம் நான் கேட்பதுண்டு. பாதிப் பேர் விழிப்பார்கள். தட்டிலிருந்து எலி, எலியிலிருந்து பெரிய மிருகம், அதிலிருந்து மனிதன். நடுவில் எத்தனையோ படி இருக்கிறது.

2019-ல் நம் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை, நானோ மருந்துகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று தனி வழிகாட்டி வெளியிட்டது. மற்ற மருந்துக்குக் கேட்கிற கேள்விகள் போதாது, துகளின் அளவு என்ன, மேல்பரப்பு எப்படி, உடம்பில் கரையுமா கரையாதா என்றெல்லாம் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, சோதனையில் சேருகிறவருக்கு அவருக்குப் புரிகிற மொழியில் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்ட ஈடும் உண்டு. நடுவில் விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு. நாட்டின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதியாமல் எந்த மருந்துச் சோதனையும் தொடங்கக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்? காரைக்காலிலேயே 2016-லிருந்து ஜிப்மர் மருத்துவக் கல்லூரி நடக்கிறது. புதுச்சேரி, சென்னை என்று போனால் ஆராய்ச்சி நடக்கிற ஆஸ்பத்திரிகள் ஏராளம். நாளைக்கு உங்களிடமோ உங்கள் அப்பாவிடமோ 'புது விதமான ஒளிரும் மருந்து, சோதனையில் சேருகிறீர்களா' என்று கேட்கலாம். சேருவது தப்பில்லை, நவோட்னியும் ஆல்விஸும் துணிந்ததால்தான் மாமாவுக்கு இன்று கண் தெரிகிறது. ஆனால் கேட்டுவிட்டுச் சேருங்கள். இது பழைய சாயமா, புதுத் துகளா? உள்ளே உலோகம் உண்டா? எந்த வழியாக, எத்தனை நாளில் வெளியே வருகிறது, அதை அளந்திருக்கிறார்களா? எத்தனை வருஷம் என்னைக் கூப்பிட்டுப் பார்ப்பீர்கள்?

இந்த மாதம் மாமாவுக்கு மறு பரிசோதனை. இந்தத் தடவை நானும் கூடப் போனேன். ஒப்புதல் படிவத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசும் படித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அசையவில்லை.

"ஏம்மா, ஊசி இல்லாம பாக்கற மெஷின் வந்திருக்குன்னு மாப்பிள்ளை சொன்னார். எனக்கு அது ஆகாதா?" என்று நர்ஸைக் கேட்டார்.

ஊசியில்லாமல் ஒளிக்கதிரைக் கொண்டே குழாய்களைப் படம் பிடிக்கிற ஓ.சி.டி. ஆஞ்சியோகிராம் பற்றித்தான் கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே டாக்டரிடம் போய்க் கேட்டு வந்தது. "உங்களுக்கு இந்தத் தடவை அதுவே போதுமாம் தாத்தா. ஆனா எங்கே கசியுதுன்னு அதிலே தெரியாது. தேவைப்பட்டா அடுத்த தடவை மஞ்சள் ஊசி போட வேண்டி வரும்."

"வரட்டும். எனக்குத்தான் விவரம் தெரிஞ்சு போச்சே" என்றார் மாமா. பஸ்ஸில் ஏறியதும் அத்தைக்குப் போன் போட்டு, கீழாநெல்லி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.